அவங்க கணக்குல பதினெட்டு

என் மகனுக்கு என்ன வயசுன்னு கேட்டாங்க, நான் உண்மையைச் சொன்னேன். அதுதான் நான் செஞ்ச குத்தம். வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொல்லிட்டு வந்திருந்தா இன்னைக்கு எனக்கு இந்தக் கதையே இருந்திருக்காது.

1942 மார்ச் மாசம் அது. ஜப்பான்காரன் துறைமுகத்துல குண்டு போட்டு மூணு மாசம் ஆயிருந்துச்சு. ஹவாய்ல ஆறு வயசுக்கு மேல இருக்கிற அத்தனை பேரும் கைரேகை வெச்சு அட்டை வாங்கணும்னு பட்டாளத்து உத்தரவு. வஹியாவா பள்ளிக்கூடத்துல மேஜை போட்டு உக்காந்திருந்தாங்க. வெயில்ல ரெண்டு மணி நேரம் வரிசை. என் மகன் மான்சிக் எனக்கு ரெண்டடி தள்ளியே நின்னான். வெளியில அவன் பேரு கிளாரன்ஸ். கொரியப் பாவாடை கட்டின அம்மாவோட ஒட்டி நிக்க கிளாரன்ஸுக்குக் கூச்சம்.

தட்டச்சு அடிக்கிற பொண்ணு கேக்கக் கேக்க மா சுன்ஹோ ஐயா எனக்குக் கொரிய மொழியில சொன்னார். மா ஐயா எங்க சர்ச்சு மூப்பர். எங்காளுங்களுக்கு எந்த ஆபீஸ்ல வேலைன்னாலும் மொழிபெயர்க்கக் கூட வர்றது அவர்தான்.

"பையனுக்கு என்ன வயசு?"

"பதினேழு."

"பொறந்த தேதி?"

"பன்னிரண்டாம் மாசம், இருபத்தாறு."

அவ தடதடன்னு அடிச்சா. டிசம்பர் 26, 1924. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மா ஐயாவுக்குத் தெரியும், ஆனா அன்னைக்கு அவர் முன்னூறு பேருக்கு மொழிபெயர்த்தார். அதுவும் போக, அவர் வயசு கணக்குப் பார்க்கிறதும் என்னை மாதிரியேதான். அதுல தப்பு இருக்கும்னு அவருக்கு எப்படித் தோணும்?

எங்க கணக்குல பிள்ளை பொறக்கும்போதே ஒரு வயசு. வயித்துல சும்மாவா கிடந்துச்சு? சுமந்தவளைக் கேட்டா தெரியும். அப்புறம் பொறந்தநாளுக்கு வயசு ஏறாது, புத்தாண்டுக்குத்தான் ஏறும். எங்க பழைய பஞ்சாங்கத்துப் புத்தாண்டு, அவங்க காலண்டர்ல ஜனவரி கடைசியிலயோ பிப்ரவரியிலயோ வரும். அன்னைக்கு அரிசிக் கேக்கு போட்ட சூப்பை ஆளுக்கு ஒரு கிண்ணம் குடிச்சா, ஊரு மொத்தத்துக்கும் ஒண்ணா ஒரு வயசு கூடும். என் மகன் பொறந்தது வருஷக் கடைசியில. பொறந்த அஞ்சாம் நாள் புத்தாண்டு. அஞ்சு நாள் குழந்தைக்கு ரெண்டு வயசு. நாங்க சிரிச்சுக்கிட்டே கொண்டாடினோம். அவன் சின்னப் பையனா இருக்கும்போது ரெண்டு கிண்ணம் கேப்பான், "ரெண்டு வயசு ஏறட்டும்மா"ன்னு. நானும் ஊத்துவேன். அப்போ ஊத்தினதுக்கு இப்போ என் கையை நானே கடிச்சுக்கணும் போல இருக்கு.

சரி, அந்த அட்டையை வாங்கிட்டு வெளிய வந்ததும் நான் மா ஐயாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்.

"நம்மளை யாருன்னு போட்டிருக்காங்க?"

அவர் கண்ணாடியைத் துடைச்சார். "ஜப்பான்னு போட்டிருக்கு, மான்சிக் அம்மா."

"என்னது?"

"நீங்க கல்யாணத்துக்குக் கப்பல் ஏறி வந்தப்போ கையில இருந்தது ஜப்பான் பாஸ்போர்ட்டுதானே. அதைப் பார்த்து எழுதிட்டாங்க."

எனக்கு உச்சந்தலை கொதிச்சுது. எங்க நாட்டைப் பிடிச்சு, எங்க அப்பாவோட நிலத்தைப் பிடுங்கி, எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல எங்க பாஷையை நிறுத்தினவன் பேரை என் மகன் அட்டையில எழுதுவாங்களாம். நான் விடுவேனா? பதினோரு தடவை போனேன். சலவைக் கடையில பட்டாளத்து உடுப்பைத் துவைச்சுத் தேய்ச்சுப் பிழைக்கிறவ நான். புருஷன் செத்து ஏழு வருஷம். ஒரு நாள் கடைக்குப் போகலைன்னா அன்னைக்குக் கூலி கிடையாது. ஆனாலும் போனேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தன் இருப்பான், ஒவ்வொருத்தனும் வேற ஜன்னலைக் காட்டுவான். எதிரி நாட்டாள்னு சட்டையில குத்திக்கச் சொல்லி ஒரு வில்லை கொடுத்தாங்க, கறுப்புக் கரை போட்டது. எங்க கொரியாக்காரங்க சங்கத்து மூலமா சண்டை போட்டு அதுக்கடியில "நான் கொரியாக்காரி"ன்னு இன்னொரு வில்லையையும் குத்திக்கிட்டோம். பதினோராவது தடவை புதுசா ஒரு பொண்ணு இருந்தா. மா ஐயா எழுதின மனுவைப் படிச்சா. ஒரு நிமிஷம்கூட ஆகல, ஜப்பானை அடிச்சிட்டு கொரியான்னு போட்டா. எனக்கும் போட்டா, என் மகனுக்கும் போட்டா.

அன்னைக்கு நான் நடந்து வந்த தோரணையைப் பார்த்திருக்கணும். ஏதோ நாட்டையே மீட்டுட்டு வந்த மாதிரி. வீட்டுல மான்சிக்கிட்ட அட்டையை நீட்டி, "இனிமே நீ யாருன்னு எவன் கேட்டாலும் இதைக் காட்டு. நாம கொரியாக்காரங்க, ஞாபகம் வெச்சுக்கோ"ன்னேன். அவன் இங்கிலீஷ்ல ஏதோ முனகிட்டு அட்டையைப் பைக்குள்ள போட்டுக்கிட்டான். எதுக்கு இவ்வளவு ரகளைன்னு அவன் மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு.

அடுத்த வருஷம் ஏப்ரல்ல கடிதம் வந்துச்சு. அன்னாசித் தொழிற்சாலையில வேலையை முடிச்சிட்டு வந்த மான்சிக் அதை எனக்கு முன்னாடியே பிரிச்சுட்டான். நான் கரி அடுப்புல இஸ்திரிப்பெட்டியைச் சூடு பண்ணிக்கிட்டு இருந்தேன்.

"பட்டாளத்துல கூப்பிட்டிருக்காங்கம்மா," அப்படின்னான். சிரிப்பை அடக்கத் தெரியல அவனுக்கு.

"யாரை?"

"என்னைத்தான்."

"உன்னை எதுக்குடா கூப்பிடுறாங்க? பதினெட்டு ஆகணுமே."

"எனக்குப் பதினெட்டு ஆச்சு."

"ஆமா, பதினெட்டுதான்..." வாய் தன்னால சொல்லிடுச்சு. அப்புறம்தான் உறைச்சுது, கையில இருந்த இஸ்திரிப்பெட்டியைத் தேய்க்க விரிச்சிருந்த சட்டை மேலயே வெச்சிட்டேன். "டேய், அது நம்ம கணக்குடா. அவங்க கணக்குக்கு உனக்குப் பதினாறு."

"அட்டையில பதினெட்டுன்னு இருக்கு. நீதானே சொன்னே."

"தப்பா எழுதியிருக்கா அந்தப் பொண்ணு. உனக்குத் தெரியுமா இது?"

"அட்டை வாங்கின அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா ஒரு வருஷமா வாயைத் திறக்கல?"

அவன் சட்டையைக் கழட்டி நாற்காலியில போட்டான். ஆறடிக்கு ரெண்டு விரல் கம்மி, மீசை அரும்பக்கூட இல்ல. "அம்மா, போன வாரம் பஸ்ல ஒருத்தன் என் கால் மேல காறித் துப்பினான். ஜப்பான் நாயேன்னான். நீ பதினோரு தடவை நடந்து வாங்கின அட்டையைக் காட்டினேன். அவன் படிக்கக்கூட இல்ல. பட்டாளத்து உடுப்பைப் போட்டுக்கிட்டா எவனும் கேக்க மாட்டான். நீ தினம் நாப்பது உடுப்பு தேய்க்கிறியே, அதுல ஒண்ணு எனக்கும் இருக்கட்டுமே."

அடிக்கலாம்னு கையை ஓங்கிட்டேன். அவன் உயரத்துக்குக் கை எட்டல. அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு, எதை முதல்ல விடுறதுன்னு தெரியல. இஸ்திரிப்பெட்டி ஒரு சார்ஜென்ட் சட்டையைக் கருக்கினதுதான் மிச்சம்.

மறுநாள் மா ஐயாவைக் கூட்டிக்கிட்டு ஆள்சேர்ப்பு ஆபீஸுக்குப் போனேன். அங்க ஜன்னல்ல இருந்தவன் முகமெல்லாம் செம்புள்ளி. பேரு தெரியாது, எனக்கு அவன் புள்ளிமூஞ்சி. கெட்டவன்னு சொல்ல மாட்டேன். கெட்டவனா இருந்திருந்தா திட்டிட்டாவது வந்திருக்கலாம். அவன் மரியாதையாத்தான் பேசினான், மரியாதையாத்தான் ஒவ்வொரு கதவா சாத்தினான்.

"பொறந்த சர்டிபிகேட் இருக்கா?"

"கரும்புத் தோட்டத்துக் கூலியாளுங்க லயத்துல பொறந்தவன். மருத்துவச்சி பார்த்த பிரசவம். யாரும் பதியல."

"பள்ளிக்கூடத்துல என்ன தேதி கொடுத்தீங்க?"

சேர்த்தப்போ நான் கொடுத்தது ஏழு வயசு. அதுவும் எங்க ஏழு. அவன் ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினான், அட்டையும் பள்ளிக்கூடமும் ஒண்ணா ஒத்துப்போச்சு.

"சர்ச்சுல ஞானஸ்நானம்?"

மா ஐயா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அதை எழுதினது அவரே. மூணு வயசுக் குழந்தையை அஞ்சுன்னு எழுதியிருந்தார்.

"மூணு பதிவும் ஒரே மாதிரி இருக்கேம்மா," அப்படின்னான் புள்ளிமூஞ்சி. "மூணும் நீங்க கொடுத்தது. இப்போ நாலாவதா வேற ஒண்ணு சொல்றீங்க. மகனைக் கூப்பிட்டதும் எல்லா அம்மாவுக்கும் தேதி மாறிடுது."

நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. மா ஐயா எங்க கணக்கை விளக்கினார். விரல் விட்டு எண்ணிக் காட்டினார். புத்தாண்டு சூப்பைக்கூடச் சொன்னார். புள்ளிமூஞ்சி கொட்டாவியை மறைச்சுக்கிட்டு, "சூப்பு குடிச்சா வயசு ஏறுமா?"ன்னு கேட்டான். பக்கத்து மேஜையில ஒருத்தி சிரிச்சா.

நான் எழுந்திரிக்கும்போது அவன் குரலைத் தாழ்த்தி ஒண்ணு சொன்னான். மா ஐயா அதை மொழிபெயர்க்கவே தயங்கினார்.

"என்ன சொல்றான், சொல்லுங்க ஐயா."

"அட்டையில முதல்ல ஜப்பான்னு இருந்திருக்கு, அப்புறம் திருத்தியிருக்குன்னு சொல்றார். ஜப்பான் பசங்களை இப்போ பட்டாளத்துக்குக் கூப்பிடுறது இல்லையாம். தானா வந்து பேர் கொடுத்தா மட்டும்தான் சேர்த்துக்கிறாங்களாம். இருந்த மாதிரியே அட்டையைத் திருப்பி மாத்திட்டா..."

அவரை முடிக்க விடல. அட்டையில கொரியான்னு மாறினாலும் இன்னும் குத்திக்க வேண்டியிருந்த எதிரி வில்லையைக் கழட்டி மேஜை மேல வெச்சிட்டு வெளிய வந்துட்டேன். வாசல் காவல்காரன் அது இல்லாம விட மாட்டேன்னுட்டான். திரும்பப் போய் எடுத்துக் குத்திக்கிட்டு வந்தேன். என் ரோஷம் அந்த லட்சணத்துல இருந்துச்சு.

அந்தப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி தோமே அக்கா. ஜப்பான்காரி. பழைய கரும்புத் தோட்டத்து லயத்துலதான் இன்னும் இருந்தா. நான் அங்க காலெடுத்து வெச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. என் பிள்ளை தலை திரும்பிக் கிடந்தப்போ, ராத்திரி முழுக்கப் போராடினவ அவ. அதுக்காக அவளைப் பிடிக்கும். அவ ஊருக்காக அவளைப் பார்க்கப் போகாம இருந்தேன்.

அவ கிணத்தடியில முள்ளங்கி கழுவிக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்து எழுந்திரிக்கல. "வழி தெரிஞ்சுதா, கில்லே?"ன்னா. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவ அவ ஒருத்திதான். எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது தோட்டத்துப் பேச்சு, பாதி அவ பாஷை, பாதி இங்கிலீஷ்.

"நீ பிரசவக் கணக்கு நோட்டு வெச்சிருந்தியே அக்கா. அது வேணும்."

"எரிச்சிட்டேன்."

"என்னது?"

"குண்டு விழுந்த மறுநாளே. ஜப்பான் எழுத்து எது வீட்டுல இருந்தாலும் பிடிச்சுட்டுப் போறாங்கன்னாங்க. எங்கம்மா கடிதம், அவரோட புத்தகம், நோட்டு, எல்லாத்தையும் குளியல் அடுப்புல போட்டேன். போட்டும் என்ன, அவரைப் பிடிச்சுட்டுத்தான் போனாங்க. எழுநூறு பிள்ளைங்க அந்த நோட்டுல. வென்னி நல்லா சூடாச்சு."

நான் அந்த ஈரத்துலயே உக்காந்துட்டேன். எல்லாத்தையும் சொன்னேன், புள்ளிமூஞ்சி சொன்ன குறுக்கு வழி உட்பட.

தோமே அக்கா முள்ளங்கியை வெச்சா. "என் ரெண்டாவது பையன் தானே போய்ப் பேர் கொடுத்துட்டான், தெரியுமா? கூப்பிடவே இல்ல அவனை. உனக்கு வழி இருக்கு. ஜப்பான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மகனை வீட்டுல வெச்சுக்கோ. வார்த்தைதானே?"

"உனக்கு வார்த்தை. உங்காளுங்க என் நாட்டை என்ன செஞ்சாங்கன்னு..."

"நான் என்னடி செஞ்சேன்? நான் உன் பிள்ளையை எடுத்தேன்."

கிளம்பினேன். வேலி வரைக்கும் வந்தப்போ அவ பின்னாலிருந்து கூப்பிட்டா.

"பெட்டி என்ன ஆச்சு?"

"எந்தப் பெட்டி?"

"தொப்புள்கொடி விழுந்ததும் ஒரு சின்னப் பெட்டியில வெச்சுக் கொடுத்தேனே. எங்க பழக்கம் அது. மூடியில தேதியும் பேரும் எழுதித்தான் கொடுப்பேன்."

அந்தப் பெட்டியை என் புருஷன் அப்பவே தூக்கிப் போடச் சொன்னார், ஜப்பான் எழுத்து வீட்டுல வேண்டாம்னு. நான் போட்டுட்டேன்னு பொய் சொல்லிட்டு, கல்யாணத் துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். அதுல எழுதியிருந்தது ஏதோ ஜெபம்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். வீட்டுக்கு ஓட்டமும் நடையுமா வந்தேன். பெட்டி இருந்துச்சு. உள்ள காய்ஞ்ச இஞ்சித் துண்டு மாதிரி என் மகனோட கொடி இருந்துச்சு. மூடியில கறுப்பு மையில நாலு வரி. முட்டி போட்டு அழுதேன். ஜெயிச்சிட்டேன்னு நினைச்சு அழுதேன்.

புள்ளிமூஞ்சி பெட்டியைத் திறந்துட்டு டக்குன்னு மூடினான். அன்னைக்கு மான்சிக்கையும் வரச் சொல்லியிருந்தாங்க, எதை மாத்தினாலும் அவனும் கையெழுத்துப் போடணுமாம். அவன் சுவரோரமா தொப்பியைத் திருகிக்கிட்டு நின்னான்.

"இதைப் படிங்க," அப்படின்னான் புள்ளிமூஞ்சி, மா ஐயாகிட்ட. "எழுதியிருக்கிறபடியே. சத்தியம் பண்ணியிருக்கீங்க."

மா ஐயா மூடியை வெளிச்சத்துல பிடிச்சார். "ஷோவா ரெண்டாம் வருஷம், ஜனவரி இருபத்தொம்பது. அது ஜப்பான் ராஜா ஆட்சிக் கணக்கு, உங்க கணக்குல 1927."

புள்ளிமூஞ்சி நிமிர்ந்தான். பேனாவை எடுத்தான்.

"பேரு?"

மா ஐயா அங்க நிறுத்தினார். அந்த நிறுத்தத்துலயே எனக்குப் புரிஞ்சிருக்கணும். பேரு சீன எழுத்துல இருந்துச்சு. எழுத்து எங்களுக்கும் அவங்களுக்கும் ஒண்ணுதான், படிக்கிற வாய்தான் வேற. நாங்க படிச்சா பியோன் மான்சிக். தோமே அக்கா வாய்க்கு அது வராதுன்னு, ஓரத்துல அவ எழுத்துல சின்னதா எழுதி வெச்சிருந்தா. மா ஐயா சத்தியம் பண்ணியிருந்தார். அதனால அதையும் படிச்சார்.

"ஹென் மன்ஷோகு."

"யாரு அது?"

"இதே பையன்தான். அந்த எழுத்தை ஜப்பான்காரங்க அப்படிப் படிப்பாங்க."

புள்ளிமூஞ்சி பேனாவை வெச்சிட்டான். அவனுக்கே சங்கடமா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். "பாருங்கம்மா. இந்தப் பெட்டி உங்க மகனோடதுன்னா, உங்க மகன் ஜப்பான் பேர் வெச்ச ஜப்பான் பையன். அவனுக்குப் பதினாறு. உங்க மகன் கொரியாக்காரன்னா, இந்தப் பெட்டி அவனோடது இல்ல. அவனுக்குப் பதினெட்டு. ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

இப்படி ஒரு கேள்வியை எவனாவது ஒரு தாய்கிட்ட கேப்பானா? அந்தக் கொடி என் வயித்துல இருந்து வந்தது. அதுக்கு எந்த நாட்டு எழுத்தும் கிடையாது. கத்தணும் போல இருந்துச்சு. கத்தினா மா ஐயா அதையும் மொழிபெயர்ப்பார், அவ்வளவுதான் நடக்கும். எங்க அப்பா ஞாபகம் வந்துச்சு. சங்கத்துல நான் பேசின பேச்செல்லாம் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் சுவரோரம் நின்ன என் பிள்ளையைப் பார்த்தேன். அவன் கழுத்து எலும்பு துருத்திக்கிட்டு இருந்துச்சு.

சட்டையில இருந்து "நான் கொரியாக்காரி" வில்லையைக் கழட்டினேன்.

"ஜப்பான்னு எழுதிக்கச் சொல்லுங்க ஐயா," அப்படின்னேன். "எனக்கும் எழுதட்டும், அவனுக்கும் எழுதட்டும்."

மா ஐயா என்னைப் பார்த்தார். "மான்சிக் அம்மா, யோசிச்சுத்தான்..."

"யோசிச்சாச்சு. சொல்லுங்க."

அவர் சொன்னார். புள்ளிமூஞ்சி ஒரு காகிதத்தை எடுத்து அடிச்சான். நான் கட்டைவிரல் வெச்சேன். மை காயறதுக்குள்ள அதை என் மகன் பக்கம் திருப்பினான்.

மான்சிக் மேஜைக்கு வந்தான். காகிதத்தைப் படிச்சான். பெட்டியைத் திறந்து பார்த்தான். அவன் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோணுச்சு. மூடினான்.

அப்புறம் என்கிட்ட கொரிய மொழியில பேசினான். அஞ்சு வருஷமா வீட்டுல நான் எது கேட்டாலும் இங்கிலீஷ்லயே பதில் சொன்ன பையன்.

"அம்மா, எனக்கு வயசு எத்தனை?"

"மான்சிக், வேண்டாம்."

"நம்ம வீட்டுல எனக்கு எத்தனை வயசு? புத்தாண்டு சூப்பு ஊத்தும்போது என்ன சொன்னே?"

நான் அவன் சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்தேன்.

அவன் புள்ளிமூஞ்சி பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல சொன்னான். மா ஐயா எனக்கு மொழிபெயர்க்கல, ஆனா அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும். "நான் கொரியாக்காரன். எனக்குப் பதினெட்டு. இந்தப் பெட்டி என்னோடது இல்ல."

புள்ளிமூஞ்சி என் கட்டைவிரல் ரேகை இருந்த காகிதத்தை ரெண்டா கிழிச்சுக் கூடையில போட்டான். பெட்டியை என் பக்கம் தள்ளி வெச்சான்.

வெளிய வந்து அவனை அறைஞ்சேன். இந்தத் தடவை அவன் குனிஞ்சு கொடுத்தான். "நீதானேம்மா பதினோரு தடவை போய் எழுத வெச்சே," அப்படின்னான் கன்னத்தைத் தடவிக்கிட்டே. "இப்போ நீயே அழிச்சா, நான் யாரு?"

"நீ என் பிள்ளைடா. அது போதாதா?"

"உனக்குப் போதும்," அப்படின்னான்.

உடுப்பு கொடுத்ததும் கை நீளமா இருக்குன்னு என்கிட்டதான் கொண்டு வந்தான். ஊரான் பிள்ளைங்களுக்குப் பத்து வருஷமா செஞ்ச வேலை, அரை மணி நேரத்துல முடியும். நான் மூணு நாள் வெச்சிருந்தேன். தச்சுப் பிரிச்சு, தச்சுப் பிரிச்சு. நாலாம் நாள் அவனே வந்து வாங்கிக்கிட்டுப் போயிட்டான். துறைமுகத்துக்கு வழியனுப்பப் போக என்னை விடல. எதிரி நாட்டாள் அந்தப் பக்கம் வரக்கூடாதாம்.

ஒரு வருஷம் கழிச்சு, கொரியாக்காரங்க இனிமே எதிரிங்க இல்லன்னு அறிவிச்சாங்க. சங்கத்துல கை தட்டினாங்க. நான் கறுப்புக் கரை வில்லையை அடுப்புல போட்டுட்டு அரிசி களையப் போனேன்.

1944 நவம்பர்ல வேற கடிதம் வந்துச்சு. மா ஐயா வாசல்லயே நின்னு படிச்சார், உள்ள வர அவருக்குத் தைரியம் இல்ல. அக்டோபர் கடைசியில, ஏதோ ஒரு தீவுல. பேரு பியோன் மான்சிக்னு சரியா எழுதியிருந்தாங்க. கொரியான்னு சரியா எழுதியிருந்தாங்க. வயசு பத்தொம்பதுன்னு போட்டிருந்துச்சு.

"அதுவும் சரியாத்தான் இருக்கு," அப்படின்னேன். எங்க கணக்குக்கு அந்த வருஷம் அவனுக்குப் பத்தொம்பதுதான். அந்தக் காகிதத்துல தப்புன்னு காட்ட எனக்கு ஒரு எழுத்துகூடக் கிடைக்கல. மா ஐயா வாசப்படியில உக்காந்து அழுதார், சர்ச்சுப் புத்தகத்துல அஞ்சுன்னு எழுதின அந்தக் கையாலயே முகத்தைப் பொத்திக்கிட்டு.

எங்க ஊர்ல பிள்ளை பெத்தவளுக்குக் கடற்பாசி சூப்பு கொடுப்பாங்க. அப்புறம் வருஷா வருஷம் அந்தப் பிள்ளையோட பொறந்தநாளுக்கும் அதையே வைப்பாங்க, பெத்தவ பட்டதை மறக்கக்கூடாதுன்னு. மான்சிக்குக்கு நான் எப்பவும் எங்க பஞ்சாங்கப்படி பன்னிரண்டாம் மாசம் இருபத்தாறுக்குத்தான் வைப்பேன். இந்த வருஷம் முதல் தடவையா அவங்க காலண்டரைப் பார்த்து வெச்சேன். ஜனவரி இருபத்தொம்பது. தோமே அக்கா பாசி கொண்டு வந்து கொடுத்துட்டு, என் பக்கத்துல உக்காந்து அடுப்பைப் பார்த்துக்கிட்டா. அவ பையன்கிட்ட இருந்தும் ரெண்டு மாசமா கடிதம் இல்ல.

ஒரு கிண்ணம் ஊத்தி பெட்டி பக்கத்துல வெச்சேன்.

அவங்க கணக்குல என் மகனுக்கு இன்னைக்குப் பதினெட்டு. இன்னைக்குத்தான் அவனைக் கூப்பிட்டிருக்கணும்.